சுடரில் ஓடும் குளிர்பெட்டி

ஃபோக்ஸ்வாகன் 1979-இல் கொண்டுவந்த டி3 வேனை, ஜெர்மனியின் ரேடா-வீடன்ப்ரூக் ஊரைச் சேர்ந்த வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் உள்ளே வீடாக மாற்றி விற்றது. கூரையைத் தூக்கி நிறுத்தினால் மேலே ஒரு படுக்கை. கீழே இரட்டை அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, பக்கத்தில் இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜுக்கு மோட்டார் கிடையாது. காதை வைத்துக் கேட்டாலும் உறுமல் இல்லை. கதவைத் திறந்து உள்ளே கீழ்ப்புறம் பார்த்தால் ஒரு சிறு கண்ணாடித் துளை தெரியும். அதற்கு அப்பால் விரல் நுனி அளவில் ஒரு நீலச் சுடர் எரிந்துகொண்டிருக்கும். மேல்தட்டில் இருக்கும் பாலையும் வெண்ணெயையும் குளிர வைப்பது அந்தச் சுடர்தான்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த வண்டிகளை இன்னும் பாதுகாத்து ஓட்டுகிறார்கள். வாங்க வருபவர் முதலில் இன்ஜினைப் பார்ப்பார், பிறகு எங்கெங்கே துரு என்று பார்ப்பார். ஃபிரிட்ஜைப் பற்றிக் கேட்டால், "அதை விடுங்கள், ஓடாது" என்ற பதில்தான் அநேகமாக வரும். பலரும் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பெட்டியை வைத்துவிடுகிறார்கள். அப்படி எறியப்படுபவற்றில் உயிருள்ளவை நிறைய உண்டு என்றே நான் நினைக்கிறேன். அசையும் உறுப்பே இல்லாத பொறிக்குத் தேய்மானம் என்பது கிடையாது. அதன் உட்பகுதி எஃகுக் குழாய்களை வளைத்து, எல்லா முனையையும் பற்றவைத்து மூடிய ஒரு சுற்று. வெளியிலிருந்து அது கேட்பது மூன்றுதான்: சரியான இடத்தில் சரியான அளவு சூடு, முதுகில் படும்படி காற்று, சாயாத நிலை. பழுது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இவற்றில் ஒன்று கிடைக்காமல் போனதைத்தான். எது கிடைக்கவில்லை என்று கண்டுபிடிக்க, நெருப்பிலிருந்து குளிர் எப்படி வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

கதை அமோனியாவில் தொடங்குகிறது. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும் பொருள் அது. ஒரு கிலோ திரவ அமோனியா ஆவியாவதற்குச் சுற்றியுள்ள பொருள்களிலிருந்து சுமார் 1,370 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இன்றைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் ஓடும் வாயுக்கள் எதுவும் அதன் அருகில்கூட வராது. அமோனியாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீரோடு அது ஒட்டிக்கொள்ளும் வேகம் அசாதாரணமானது. 20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 700 லிட்டர் அமோனியா வாயுவைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும். அதே தண்ணீரைச் சூடாக்கினால் கரைந்ததெல்லாம் கிளம்பி வெளியே வந்துவிடும்.

1820-களில் மைக்கேல் ஃபாரடே இதை ஒத்த ஒரு சோதனையைச் செய்தார். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில், அமோனியாவை உறிஞ்சிவைத்திருந்த வெள்ளிக் குளோரைடை இட்டு, குழாயை மூடிச் சூடாக்கினார். குளிர்ந்திருந்த மறுமுனையில் அமோனியா திரவமாகச் சேர்ந்தது. சூட்டை நிறுத்தியதும் திரவம் தானே கொதித்து உப்புக்குள் திரும்பிப் போனது. போகும்போது, திரவம் இருந்த முனை சில்லிட்டது. ஃபாரடேயின் அக்கறை வாயுக்களைத் திரவமாக்குவதில் இருந்தது. குளிர்பெட்டி அவர் மனத்தில் இல்லை.

பிரான்ஸின் ஃபெர்டினாண்ட் கரே 1859-இல் அமோனியாவையும் தண்ணீரையும் கொண்டு தொடர்ந்து இயங்கும் பனிக்கட்டிப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநில ஏரிகளின் பனிக்கட்டி தெற்கே போவது நின்றபோது, கரேயின் பொறிகள் கடல் முற்றுகையைத் தாண்டித் தென் மாநிலங்களுக்கு வந்து சேர்ந்தன. சென்னை மெரினாவில் 1842-இல் ஐஸ் ஹவுஸைக் கட்டி அமெரிக்கப் பனிக்கட்டியை விற்ற டியூடர் நிறுவனத்தின் வணிகமும் அந்த வட மாநில ஏரிகளை நம்பியதுதான். பனிக்கட்டிப் பொறிகள் பரவப் பரவ அந்த வணிகம் மறைந்தது.

கரேயின் பொறியை வீட்டுக்குள் கொண்டுவர முடியவில்லை. அமோனியா திரவமாக மாறும் பக்கத்தில் அதிக அழுத்தம் வேண்டும், ஆவியாகும் பக்கத்தில் குறைந்த அழுத்தம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே வால்வுகளும், திரவத்தைத் தாழ்ந்த அழுத்தத்திலிருந்து உயர்ந்த அழுத்தத்துக்குத் தள்ள ஒரு பம்ப்பும் தேவைப்பட்டன. பம்ப் என்றால் சுழலும் தண்டு, தண்டைச் சுற்றி அடைப்பு, அடைப்பு இருந்தால் என்றோ ஒருநாள் கசிவு. 1920-களின் வீட்டு ஃபிரிட்ஜ்களில் இருந்தவையோ அமோனியா, சல்பர் டை ஆக்ஸைடு, மெத்தில் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள். பெர்லினில் ஒரு குடும்பமே ஃபிரிட்ஜ் கசிவால் இறந்த செய்தியைப் படித்து மனம் கலங்கித்தான் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனும் லியோ ஸிலார்டும் அசையும் உறுப்பில்லாத குளிர்பெட்டியை வடிவமைக்க உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். 1930-இல் அவர்களுக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் பெட்டி கடைக்கு வரவில்லை.

கடைக்கு வந்தது இரண்டு மாணவர்களின் பெட்டி. ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பால்ட்சார் ஃபான் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும் 1922-இல் பம்ப்பும் வால்வும் இல்லாத ஒரு சுற்றை உருவாக்கினார்கள். எலக்ட்ரோலக்ஸ் 1925-இல் அதை வாங்கி உலகெங்கும் விற்றது. (முன்டர்ஸ் பிற்காலத்தில் பாலிஸ்டைரீன் நுரைக்கும் வழி கண்டார். ஃபான் பிளாட்டனின் உயரழுத்தக் கருவியில்தான் 1953-இல் ஸ்வீடனின் ஏஎஸ்இஏ (ASEA) நிறுவனம் செயற்கை வைரம் செய்தது. இருவருடைய வாழ்க்கையும் தனித்தனி நூலுக்கு உரியவை.) டி3 வேனில் இருக்கும் டொமெட்டிக் பெட்டி அந்த எலக்ட்ரோலக்ஸ் வழி வந்தது. அதன் முதுகில் இருக்கும் குழாய்ச் சுற்றில் இன்றைக்கும் அந்த மாணவர்களின் யோசனை அப்படியே ஓடுகிறது.

அவர்கள் செய்தது இதுதான்: சுற்றுக்குள் மூன்றாவதாக ஹைட்ரஜனைச் சேர்த்தார்கள். அது அமோனியாவோடு வினைபுரியாது, தண்ணீரில் பெரிதாகக் கரையாது. பிறகு எதற்கு? நம் வீட்டு மண்பானையை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீர் குளிர்கிறது. வறண்ட காற்று அடிக்கும் மதுரைக் கோடையில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும். கடற்காற்றின் புழுக்கம் நிறைந்த சென்னையில் அதே பானை சோர்ந்துவிடும். இரண்டு ஊரிலும் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேறுபாடு, காற்றில் ஏற்கனவே எவ்வளவு நீராவி இருக்கிறது என்பதில். நீர் ஆவியாவதைத் தடுப்பது காற்றின் மொத்த அழுத்தம் அல்ல, அதில் நீராவி தன் பங்காகச் செலுத்தும் அழுத்தம். ஜான் டால்டன் 1801-இல் சொன்ன பகுதி அழுத்த விதி இது. ஃபிரிட்ஜில் நீரின் இடத்தில் அமோனியா, வறண்ட காற்றின் இடத்தில் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் நிறைந்த குழாய்க்குள் விழும் திரவ அமோனியாவுக்கு, தன் ஆவி அங்கே மிகக் குறைவு என்பது மட்டுமே கணக்கு. மொத்த அழுத்தம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் அது ஆவியாகிக்கொண்டே போகும், குளிர்ந்துகொண்டே போகும். எனவே சுற்று முழுவதும் ஒரே அழுத்தம் இருந்தால் போதும். வால்வுக்கு வேலையில்லை, அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளும் பம்ப்புக்கும் வேலையில்லை.

இப்போது சுடரிலிருந்து தொடங்கி முழுச் சுற்றையும் தொடரலாம். சுடரின் சூடு ஒரு செங்குத்தான புகைக்குழாய் வழியே மேலே போகிறது. அந்தக் குழாயோடு ஒட்டிப் பற்றவைத்த கொதிகலனில் அமோனியா கலந்த நீர் இருக்கிறது. சூடு ஏறியதும் அமோனியா குமிழிகளாகப் புறப்பட்டு ஒரு ஒடுங்கிய குழாயில் ஏறும்போது தன் முன்னால் திரவத்தையும் துண்டு துண்டாகத் தூக்கிச் செல்கிறது. இந்தப் பொறியில் பம்ப் என்று சொல்லத்தக்கது இந்தக் குமிழிகள்தான். மேலே போனதும் தண்ணீர் பிரிந்து கீழே வழிந்துவிட, அமோனியா ஆவி பெட்டியின் முதுகின் உச்சியில் இருக்கும், தகடுகள் பொருத்திய கண்டென்சருக்குப் போகிறது. சுற்றுக்குள் அழுத்தம் 20 பாருக்கு மேல். அந்த அழுத்தத்தில் அமோனியா 50 டிகிரியிலேயே திரவமாகிவிடும் என்பதால், அலமாரிக்குப் பின்னால் இருக்கும் வெதுவெதுப்பான காற்றே அதைக் குளிர்விக்கப் போதுமானது. திரவமான அமோனியா தன் எடையால் வழிந்து, உறைபெட்டியைச் சுற்றியுள்ள ஆவியாக்கிக் குழாய்க்குள் ஹைட்ரஜனைச் சந்திக்கிறது. அங்கே அதன் பகுதி அழுத்தம் 2 பாரை ஒட்டி இருந்தால் மைனஸ் 20 டிகிரி வரை குளிர்ச்சி கிடைக்கும்.

அடுத்து நடப்பதுதான் இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம். ஹைட்ரஜன் மூலக்கூறின் நிறை 2, அமோனியாவுடையது 17. அமோனியா கலந்த ஹைட்ரஜன், தனி ஹைட்ரஜனைவிடக் கனமாகிவிடுகிறது. கனமானது கீழே இறங்குகிறது. இறங்கி, உறிஞ்சிக் குழாயின் அடியில் நுழைகிறது. கொதிகலனிலிருந்து அமோனியாவை இழந்து வந்த நீர் அங்கே எதிர்த்திசையில் மெல்ல வழிந்துகொண்டிருக்கும். அது அமோனியாவைப் பிடித்துக் கரைத்துக்கொள்ள, விடுபட்ட ஹைட்ரஜன் மறுபடி இலேசாகி ஆவியாக்கிக்கு ஏறிவிடுகிறது. அமோனியா நிறைந்த நீர் கொதிகலனுக்குத் திரும்புகிறது. ஈர்ப்பு விசையும் அடர்த்தி வேறுபாடும் மட்டுமே இத்தனை ஓட்டத்தையும் நடத்துகின்றன. ஒரு சிறு சுடர் அணையாமல் இருக்கும்வரை இது நிற்காது.

இந்தச் சுற்றைப் புரிந்துகொண்டவர் கையில் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. டி3 வேனின் பெட்டிக்கு மூன்று வகையில் சூடு கொடுக்கலாம்: எரிவாயு, வண்டி பேட்டரியின் 12 வோல்ட், முகாம்களில் கிடைக்கும் வீட்டு மின்சாரம். சுடருக்குப் பதில் கொதிகலனின் பக்கத்தில் இருக்கும் மின்சூடேற்றி அதே வேலையைச் செய்கிறது. குளிர்ச்சுற்று மூன்றுக்கும் ஒன்றே. அதனால் பழுது பார்க்கத் தொடங்கும்போது எரிவாயுப் பக்கமே போகக்கூடாது. வண்டியை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, வீட்டு மின்சாரத்தில் இணைத்து, ஒரு டம்ளர் தண்ணீருக்குள் வெப்பமானியைப் போட்டு உள்ளே வைத்துவிட்டு மறுநாள் வந்து பார்க்க வேண்டும். குளிர்ந்திருந்தால் சுற்று நலமாக இருக்கிறது. குறை சுடரிலோ அதைச் சார்ந்தவற்றிலோதான். பெட்டியை எறியச் சொல்பவர்களில் எத்தனை பேர் இந்த ஓரிரவுச் சோதனையைச் செய்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் கேள்வி.

12 வோல்ட்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அது ஓடும் வண்டியில், உள்ளே இருக்கும் குளிரை விடாமல் பிடித்துவைக்க மட்டும் தரப்பட்ட வழி. 7 முதல் 10 ஆம்பியர் வரை இழுக்கும் சூடேற்றி, நின்ற வண்டியின் பேட்டரியை ஓர் இரவில் வற்றடித்துவிடும். பழைய வயரிங்கில் மின்னழுத்தம் வழியிலேயே சிறிது குறைந்து போகும். சூடேற்றியின் திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 12 வோல்ட் 10.5 ஆகக் குறைந்தால் சூடு கால்பங்கு குறைகிறது.

மின்சாரத்திலும் குளிரவில்லை என்றால்? முதலில் சூடேற்றிக்கு மின்சாரம் வருகிறதா, கொதிகலன் சுடுகிறதா என்று பார்க்க வேண்டும். கொதிகலன் நன்றாகச் சுட்டும் உறிஞ்சிக் குழாய் வெதுவெதுப்பாகவே இல்லை என்றால், அமோனியா கரைவதால் வெளிப்பட வேண்டிய வெப்பம் அங்கே வெளிப்படவில்லை, அதாவது சுற்றுக்குள் ஓட்டம் இல்லை. அடுத்து பின்பக்கக் குழாய்களில் மஞ்சள் தூளோ மஞ்சள் கறையோ படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஃகு அரிக்காமல் இருக்க உள்ளே சோடியம் குரோமேட் கரைத்திருப்பார்கள். குழாயில் ஊசித்துளை விழுந்தால் நீர் ஆவியாகிப் போய் இந்த மஞ்சள் உப்பு வெளியே தங்கும். மூக்கை அறுக்கும் அமோனியா நெடியும் இருக்கலாம். அது தெரிந்தால் சுடரை அணைத்து, கதவுகளைத் திறந்து வெளியேற வேண்டும், ஹைட்ரஜன் எரியக்கூடியது. குரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு, வெறுங்கையால் தொடக் கூடாது. கசிந்த சுற்றை வேன் நிற்கும் இடத்தில் யாராலும் சரிசெய்ய முடியாது.

கசிவில்லாமல் ஓட்டம் மட்டும் நின்றிருந்தால் காரணம் பெரும்பாலும் சாய்வு. திரவம் தன் எடையால் மட்டுமே வழியும் பொறி இது. பழைய பெட்டிகளை 3 டிகிரிக்கு மேல் சாய்த்து நிறுத்தினால், உறிஞ்சிச் சுருளின் ஏதோ ஒரு வளைவில் திரவம் தேங்கிவிடும். கொதிகலனுக்குத் திரும்ப வேண்டியது வராது. சுடரோ எரிந்துகொண்டே இருக்கும். வறண்ட கொதிகலன் அளவுமீறிச் சூடாகி, உள்ளே இருக்கும் குரோமேட் கெட்டியாகப் படிந்து அந்த ஒடுங்கிய குழாயை அடைக்கும். அந்த அடைப்பு மீளாதது. ஓடும் வண்டியில் இந்த ஆபத்துக் குறைவு. குலுங்கலில் திரவம் ஓரிடத்தில் தங்காது. சரிவான புல்வெளியில் இரவு முழுக்க நிற்கும் வண்டிக்குத்தான் கேடு. முகாமில் சக்கரத்துக்கு அடியில் பலகை வைத்து மட்டம் பார்ப்பவர்கள் தூக்கத்துக்காக மட்டும் அதைச் செய்வதில்லை.

பெட்டியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துவைத்துச் சில மணி நேரம் கழித்து நிமிர்த்தினால் உயிர் வரும் என்று பழைய கைவைத்தியம் ஒன்று உண்டு. மூடநம்பிக்கை என்று அதைத் தள்ளிவிட முடியாது. நீண்ட காலம் நின்றுபோன சுற்றில் திரவமும் வாயுவும் இருக்க வேண்டிய இடம் மாறித் தங்கிவிட்டால், கவிழ்ப்பது அவற்றைக் கலைத்து மறுபடி அமர வைக்கும். குரோமேட் கட்டியாகிவிட்ட அடைப்பை எந்தக் கவிழ்ப்பும் கரைக்காது. நிமிர்த்தியபின் திரவம் வழிந்து இறங்கச் சில மணி நேரமாவது விட்டுத்தான் சூடு கொடுக்க வேண்டும் என்பதையும் இந்த வைத்தியம் சொல்பவர்கள் மறந்துவிடுவதுண்டு.

மின்சாரத்தில் குளிர்ந்து எரிவாயுவில் குளிராத பெட்டிதான் நம்பிக்கை தருவது. அங்கே பார்க்க வேண்டியது சுடரின் நிறத்தை. நீலமாக, கூர்மையாக, புகைக்குழாயின் அடியில் நேராக எரிய வேண்டும். மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் காற்றுப் போதவில்லை. அல்லது வாயுவின் பாதையில் குப்பை. ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த வண்டியில் சிலந்தி பர்னரின் காற்றுக்குழாய்க்குள் கூடு கட்டியிருக்கும். புகைக்குழாயின் உட்சுவரிலிருந்து உதிர்ந்த துருச் செதில் பர்னரின் மேல் விழுந்து கிடக்கும். புகைக்கரி தானே ஒரு வெப்பத்தடையாகிக் குழாயின் சுவரில் படியும். அப்போது சுடர் எரிந்தும் கொதிகலனுக்குச் சூடு போய்ச் சேராது.

சிலிண்டரை மூடி, எல்லாம் ஆறிய பிறகு, மேலிருந்து கீழாகச் சுத்தம் செய்வதே முறை. புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியில் முறுக்கிய தகடு ஒன்று தொங்கும். மேலே ஓடும் சூடான புகையைச் சுழற்றி, கொதிகலன் ஒட்டியிருக்கும் உயரத்தில் சிறிது தாமதிக்க வைப்பது அதன் வேலை. அதை வெளியே எடுத்துத் துரு நீக்கி, குழாயைத் தூரிகையால் தேய்த்து, தகட்டை முன்பிருந்த அதே உயரத்தில் தொங்கவிட வேண்டும். கம்பி அற்றுத் தகடு கீழே விழுந்துவிட்ட பெட்டியில் சுடர் குறையே இல்லாமல் எரியும், குளிர் மட்டும் வராது. சூடு முழுவதும் புகையோடு வெளியே போய்விடும். எத்தனையோ நல்ல பெட்டிகள் இந்தச் சிறு தகட்டால் குப்பைக்குப் போயிருக்கக்கூடும்.

பர்னரின் அடியில் ஜெட். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும் அளவு நுண்ணிய துளை அது. இங்கே ஊசியை எடுப்பவர்கள் பெட்டியைக் கெடுக்கிறார்கள். துளையின் விட்டம் பத்து சதவீதம் விரிந்தால் பரப்பு 21 சதவீதம் கூடும், ஏறக்குறைய அவ்வளவு வாயு கூடுதலாகப் பாயும். கூடுதல் சூடு கூடுதல் குளிர் தருமா என்றால் தராது. அமோனியாவோடு தண்ணீரும் ஆவியாகி ஏறி, கண்டென்சரைத் தாண்டி ஆவியாக்கிக்குள் போய்க் குளிரைக் கெடுக்கும். கொதிகலன் கேட்பது குறிப்பிட்ட ஓர் அளவை. ஜெட்டை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, காற்றால் ஊதி, உலர்த்திப் போடலாம். சந்தேகம் வந்தால் அதே எண்ணுள்ள புது ஜெட்டை வாங்கிவிடுவது மேல், விலை அதிகமில்லை.

வாயுவின் அழுத்தமும் அதே கணக்கில் வரும். பழைய ஜெர்மன் வண்டிகளின் எரிவாயு அமைப்பு 50 மில்லிபாருக்கு வடிவமைத்தது, இன்று ஐரோப்பாவில் புதியவை 30. பழைய பெட்டிக்குப் புது ரெகுலேட்டரைப் போட்டால் சுடர் ஏங்கும். புதிய பெட்டிக்குப் பழைய ரெகுலேட்டர் ஆபத்து. வாயு எது என்பதும் முக்கியம். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். புரோபேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். குளிர்காலக் காலையில் சுடர் அணைந்துபோவதற்குச் சிலிண்டரில் பியூட்டேன் இருப்பது மட்டுமே காரணமாகலாம். ஆல்ப்ஸ் மலையில் 2,750 மீட்டரைத் தாண்டி ஏறும் ஸ்டெல்வியோ கணவாய் போன்ற இடங்களில் காற்று மெலிந்து சுடர் மஞ்சளாகும். அங்கே எதையும் கழற்ற வேண்டாம், இறங்கினால் சரியாகிவிடும்.

பற்றவைத்த சுடர், அழுத்திப் பிடித்திருந்த வாயுக் குமிழை விட்டதும் அணைந்தால் பார்க்க வேண்டியது தெர்மோகப்பிளை. தாமஸ் ஸீபெக் 1821-இல் கண்ட விளைவு இதில் வேலை செய்கிறது: இரண்டு வெவ்வேறு உலோகங்கள் சேரும் முனையைச் சூடாக்கினால் சிறு மின்னழுத்தம் பிறக்கும். சுடருக்குள் நீட்டிய முனையில் பிறக்கும் 20, 30 மில்லிவோல்ட் ஒரு மின்காந்தத்தைப் பிடித்துவைத்து வாயு வால்வைத் திறந்தே வைக்கிறது. சுடர் அணைந்தால் முனை ஆறும், காந்தம் விடும், வாயு நிற்கும். முனையில் கரி, முனை சுடரை விட்டு விலகியிருத்தல், இணைப்பு நட்டு தளர்ந்திருத்தல் ஆகிய மூன்றையும் சரிபார்த்த பின்தான் புதியதை வாங்க வேண்டும். வெஸ்ட்ஃபாலியா வண்டியில் இன்னொன்றும் உண்டு. சுடர் எரியும் அறை உள்ளே இருப்பவர்களின் காற்றோடு தொடர்பில்லாமல் மூடியது. காற்று வருவதும் புகை போவதும் வண்டியின் பக்கச்சுவர் வழியே. அறைக்குள் தங்கிய பழைய வாயுவைத் தள்ள ஒரு கைப்பம்ப் வைத்திருக்கிறார்கள். அதைப் பலமுறை அடித்த பிறகே பற்றவைக்க வேண்டும். பற்றவில்லை என்று கைவிட்ட பெட்டிகளில் சில, நாலு தடவை அடித்துச் சலித்தவர்களுடையவை.

அந்த மூடிய அறை ஏன் என்பதை மறந்துவிடக் கூடாது. எரிதல் முழுமையாகாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சிறிய வண்டிக்குள் தூங்குபவர்களுக்கு அது மரணம். அமெரிக்காவில் 1933 முதல் 1957 வரை செய்யப்பட்ட செர்வெல் எரிவாயு ஃபிரிட்ஜ்கள் இந்த வாயுவால் உயிர்களைப் பறித்ததால், அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று பொதுமக்களை எச்சரித்தது. புகைக்குழாயைச் சுத்தம் செய்வதும் ஜெட்டைக் கழுவுவதும் பொறுமையுள்ளவர் கற்றுச் செய்யக்கூடியவை. வாயுக் குழாயின் இணைப்புகளைக் கழற்றி மாட்டிய பிறகு சோப்பு நுரை தடவிக் கசிவு பார்ப்பதோடு நிறுத்தாமல், தகுதிபெற்ற ஒருவரிடம் அழுத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். ஜெர்மனியில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தச் சோதனை முறையாக நடக்கிறது. வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இல்லாமல் இந்தப் பெட்டியைப் பற்றவைக்கக் கூடாது என்பேன்.

சுடரும் மட்டமும் சரியாக இருந்தும் கோடையில் குளிர் போதவில்லை என்றால் முதுகைப் பார்க்க வேண்டும். உள்ளேயிருந்து எடுத்த வெப்பம், சுடர் கொடுத்த வெப்பம் இரண்டும் பின்பக்கத் தகடுகள் வழியேதான் வெளியேற வேண்டும். பெட்டி வெளிக்காற்றைவிடச் சுமார் 25 முதல் 30 டிகிரி மட்டுமே கீழே போக முடியும். அலமாரிக்குப் பின்னால் 45 டிகிரி காற்று அடைத்துக்கிடந்தால் உள்ளே என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டி3-இன் பிந்தைய மாடல்களில் தகடுகளுக்கு அருகே தொழிற்சாலையிலேயே ஒரு மின்விசிறி வந்தது. முந்தைய வண்டிகளில் கணினிக்குள் வைக்கும் சிறு விசிறி ஒன்றை இணைத்தாலே போதும், வேறுபாடு நன்றாகத் தெரியும்.

கம்ப்ரஸர் பெட்டியைவிட இது சிக்கனமானது என்று சொல்ல முடியாது. 100 வாட் சூடு கொடுத்தால் 20, 30 வாட் அளவுக்குத்தான் உள்ளேயிருந்து வெப்பத்தை எடுக்கும். கூரையில் சூரியத்தகடு உள்ளவருக்குக் கம்ப்ரஸர் பெட்டி நல்லது. ஆனால் நாளுக்கு 250, 300 கிராம் எரிவாயுவில், 5 கிலோ சிலிண்டரை வைத்து இரண்டு வாரத்துக்கு மேல், மின்கம்பி எட்டாத காட்டில் சத்தமே இல்லாமல் ஓடும் பெட்டி வேறு இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1974-இல் தொடங்கிய தடுப்பூசித் திட்டம் மின்சாரமில்லாத ஆப்பிரிக்க, ஆசியச் சிற்றூர்களில் பல ஆண்டுகள் இதே சுற்றை மண்ணெண்ணெய்ச் சுடரில் ஓட்டித்தான் மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் காத்தது. அங்கிருந்த சுகாதாரப் பணியாளர்கள் திரியைக் கத்தரித்து, புகைக்குழாயைத் துடைத்து, சுடர் நீலமா என்று தினமும் பார்த்தார்கள். வேன்காரர் இன்று கற்க வேண்டியதும் அவ்வளவுதான்.

சுற்று உண்மையிலேயே இறந்துவிட்டால்கூட ஒரு வழி மிச்சமிருக்கிறது. அமெரிக்காவில் ஆமிஷ் மக்கள் பலர் சமய நம்பிக்கையால் பொது மின்சாரத்தை வீட்டுக்குள் விடுவதில்லை. அவர்கள் சமையலறைகளில் எரிவாயு ஃபிரிட்ஜ்தான் ஓடுகிறது. அதனால் இந்தக் குழாய்ச் சுற்றை வெட்டித் திறந்து, அடைத்த கொதிகலனை மாற்றிப் பற்றவைத்து, அமோனியா நீரும் ஹைட்ரஜனும் புதிதாக நிரப்பும் கைத்தொழில் அவர்களுடைய பட்டறைகளில் நிலைத்திருக்கிறது. கேம்பர் வண்டிகளின் சுற்றுகளையும் அங்கே புதுப்பித்துத் தருகிறார்கள். பழைய சுற்றைப் பெட்டியின் முதுகிலிருந்து நெம்பி எடுத்து, புதுப்பித்ததை அதே பள்ளத்தில் அமர்த்தி, காற்றுப் புகாமல் நுரை நிரப்பி மூடினால், ஆவியாக்கி உள்தகட்டோடு ஒட்டும் இடத்தில் வெப்பம் கடத்தும் பசை பூசியிருக்கும் பட்சத்தில், பெட்டி அன்றிரவே குளிரத் தொடங்கும்.